வெள்ளையாக விட்ட இடம்

வேலூர். கோட்டைக்கு எதிர்ச்சாரி.
பெயர்ப்பலகை மாறியும் ஆட்டோக்காரர் வாயில் மாறாத
ஆபீசர்ஸ் லைன்.
ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி, ஞாயிறு மதியம்.
மின்விசிறி சுடுகாற்றையே
திருப்பித் திருப்பிப் பரிமாறுகிறது.

சார்ட் அட்டையில் நான் வரைந்த கண்டம்:
கிழக்கே துறைமுகம், ஒரு கம்பெனி, அதன் கொடி.
மேற்கே மலை.
மலைக்கு அப்பால் வெள்ளையாக விட்டிருந்தேன்.
நேரமில்லை, அவ்வளவுதான்.
"அரக்கர் காடு" என்று மட்டும் பென்சிலில்.

ஆட்டத்தை நடத்துபவன் நான். மழையும் நானே, பேயும் நானே,
கம்பெனித் துரையும் நானே.
தவ்ஃபீக், சிப்பாய்.
கிருபாகரன், புதையல் திருடன்.
செண்பகவல்லி, துபாஷி: ஏழு பாஷை தெரியும்,
எதிலும் தூக்கம் வராது.
பொற்கொடி பேர்ணாம்பட்டிலிருந்து பஸ் பிடித்துத் தாமதமாக வந்தாள்.
"மிச்சம் என்ன இருக்கு? அரக்கியா? குடு."

முதல் வாரமே மலை தாண்டினார்கள்.
ஓர் ஊரைக் கொளுத்தினார்கள்.
விழுந்த தலைக்குப் பத்துப் புள்ளி. அந்தப் புள்ளிக்கு
விதிப்புத்தகம் வைத்த பெயர் அனுபவம்.
கிருபாகரன் கூட்டிக்கொண்டிருந்தான், நானூற்றி இருபது, முப்பது.
"அந்த ஊருக்குப் பேர் என்ன?" என்றாள் பொற்கொடி.
"பேர் வைக்கல."
"வைக்கலையா, கேக்கலையா?"

அந்த வாரம் எனக்கு வேலை ஓடவில்லை.
அழித்து எழுதினேன்.
அரக்கர் இப்போது நல்லவர்கள்: தேன் எடுப்பார்கள்,
மரத்தைக் கும்பிடுவார்கள், பொய் தெரியாது,
பௌர்ணமிக்கு ஆட்டம்.
பொற்கொடி படித்தாள். சிரித்தே விட்டாள்.
"கப்பல் வர்றதுக்கு முன்னாடியும்
எங்க தெருவுக்குக் கிணறு தனிதான்.
அத எழுது.
கம்பெனிக்கு மொத மூட்டை அரிசி வித்தவன் யாரு,
அவன் பேரையும் எழுது."

எழுதினேன்.
காட்டுக்குள் கடன் வந்தது. பண்ணையார் வந்தார்.
குதிரைச் சேணத்துக்குத் தோல் பதனிடுபவர்கள் வந்தார்கள்,
கம்பெனி தந்த கூலிதான்
அவர்கள் கைக்கு வந்த முதல் காசு.
ஆட்டம் மெதுவானது. கிருபாகரன் கொட்டாவி விட்டான்,
பிறகு விடவில்லை.

ஐந்தாம் வாரம் துரையின் உத்தரவு:
சிப்பாய்கள் எல்லாரும் புதுத் தொப்பி. முன்னால் தோல் சூட்டு.
சொல்லி முடிப்பதற்குள் நாக்கு வறண்டது.
இந்த ஊரில் பிறந்தவனிடம்
தொப்பிக்கதையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.
சன்னலில் கோட்டைச்சுவர், அகழித் தண்ணீர்,
பாப்கார்ன் வண்டி.

பகடையை நீட்டினேன். பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் துணிவு.
தவ்ஃபீக் அதைத் திருப்பித் தள்ளினான்.
"இத உருட்டி முடிவு பண்ண மாட்டேன்."
கலகம் என்று நினைத்தோம். கிருபாகரன் எழுந்தே நின்றுவிட்டான்.
"என் சிப்பாய் போட்டுக்குறான்.
மாசம் ஏழு வெள்ளி வீட்டுக்குப் போவுது.
போட்டுக்குறான். எழுதிக்கோ."
யாரும் பேசவில்லை.

அன்றே உடன்படிக்கை.
துரையாக நான் முழங்கினேன்:
"இந்த நிலம் இனி எங்களுடையது!"
செண்பகவல்லி அரக்கியின் பக்கம் திரும்பி, மெல்லிய குரலில்:
"விருந்தாளியா வந்திருக்கோம், மழை நின்னதும்
போயிடுவோம்னு சொல்றார்."
துரைக்கு அந்தப் பாஷை தெரியாது.
தெரிந்த நான் தலையாட்டினேன்.

கடைசியில் அட்டையைப் பொற்கொடியிடம் கொடுத்தேன்,
கறுப்புப் பேனாவோடு. பெயர்களை நீயே எழுது.
பெருந்தன்மை என்று நினைப்பு எனக்கு.
அவள் ரப்பரை எடுத்தாள்.
"அரக்கர் காடு" போனது, தூசியை ஊதினாள்.
பேனாவைத் தொடவில்லை.
"அங்க இருக்குறவங்களுக்குத் தெரியும். உன் மேப்புக்கு எதுக்கு?"

அதே வெள்ளை.
முன்பு நான் விட்டது,
இப்போது அவர்கள் தராதது.

படியிறங்கும்போது தவ்ஃபீக்
நெற்றியைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.
வியர்வையா என்றேன்.
"இல்ல. இன்னும் போட்டுட்டுதான் இருக்கான்."
கீழே ஜெராக்ஸ் மெஷின்
யாருடைய பட்டாவையோ
பிரதி எடுத்துக்கொண்டிருந்தது.